மருந்து போட்ட ஃபிளாஸ்கில் பிளாஸ்மிட் எப்படிக் காணாமல் போகிறது?

நாகர்கோவிலில் முதுகலை ஆய்வு செய்யும் மாணவர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியின் சாரம் இது. குளச்சல் பக்கம் குவியும் இறால் ஓட்டுக் கழிவிலிருந்து பிரித்தெடுத்த ஒரு பாக்டீரியாவின் கைட்டினேஸ் (ஓட்டிலுள்ள கைட்டினை உடைக்கும் நொதி) மரபணுவை, பாக்டீரியாவைக் கொல்லும் ஆம்பிசிலின் மருந்துக்கு எதிர்ப்புள்ள பெட்-21 பிளாஸ்மிடில் (குரோமோசோமுக்கு வெளியே தனியாகப் பெருகும் சிறு டிஎன்ஏ வளையம்) சேர்த்து, புரதம் செய்யப் பயன்படும் ஈ.கோலை வகையான பிஎல்21(டிஇ3) செல்களுக்குள் ஏற்றியிருக்கிறார். முதல் வாரம் 50 மில்லி வளர்ப்பில் நொதி நன்றாகக் கிடைத்தது. பிறகு ஒரு மாதம் சாய்வு அகாரில் (குழாயில் சாய்வாக உறையவைத்த ஊடகம்) மாற்றி மாற்றி வைத்திருந்து, அதிலிருந்து 1 லிட்டர் வளர்த்தபோது, வளர்ப்பு நன்றாகக் கலங்கியும் நொதி ஏறக்குறைய இல்லை. எல்லாக் கட்டத்திலும் மில்லிக்கு 100 மைக்ரோகிராம் ஆம்பிசிலின் இருந்திருக்கிறது. “மருந்து இருக்கும்போது பிளாஸ்மிட் இல்லாத செல் எப்படி உயிரோடு இருக்க முடியும்?” என்று கேட்கிறார்.

மருந்தைப் போட்டீர்கள் என்பது உண்மை; ஆனால் செல்கள் பெருகிய நேரம் முழுவதும் அந்த மருந்து ஊடகத்தில் இருந்ததா என்பது வேறு கேள்வி. உங்கள் வளர்ப்பில் பெரும்பாலும் அது இருந்திருக்காது. இதைப் புரிந்துகொள்ள, பிளாஸ்மிட் இழப்பு என்று நாம் ஒரே பெயரில் சொல்வதை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரு செல் பிரியும்போது மகள் செல்களில் ஒன்று பிளாஸ்மிட் இல்லாமல் பிறப்பது முதல் நிகழ்வு. அப்படிப் பிறந்த செல்லின் வம்சம், பிளாஸ்மிட் சுமக்கும் செல்களை விட வேகமாகப் பெருகி ஃபிளாஸ்கையே பிடித்துக்கொள்வது இரண்டாவது. முதலாவது பெரும்பாலும் பிளாஸ்மிடின் அமைப்பைப் பொறுத்தது. இரண்டாவது பெரிய அளவில் வளர்ப்புச் சூழலைப் பொறுத்தது, நம் கையில் இருப்பதும் அதுதான்.

முதல் நிகழ்வு எவ்வளவு அரிது என்பதைக் கணக்கிட்டே பார்க்கலாம். பெட் வரிசைப் பிளாஸ்மிட்களுக்குத் தாங்களாகவே மகள் செல்களுக்குச் சமமாகப் பங்கிட்டுக் கொடுக்கும் ஏற்பாடு கிடையாது. பிரியும் நேரத்தில் எது எந்தப் பக்கம் கிடக்கிறதோ அந்தப் பக்கம் போகும். பிரியும் வேளையில் செல்லில் ‘எண்’ பிரதிகள் இருந்தால், மகள்களில் ஒன்று வெறுமையாகப் பிறக்கும் வாய்ப்பு 2-இன் அடுக்கு (1 கழித்தல் எண்). 20 பிரதிகள் இருந்தால் இது சுமார் 5,24,000 பிரிவுகளுக்கு ஒன்று; 5 பிரதிகளே இருந்தால் 16 பிரிவுகளுக்கு ஒன்று. எஃப் பிளாஸ்மிட் போல ஒன்றிரண்டு பிரதிகளோடு வாழ்பவை இப்படிச் சீட்டுக் குலுக்கலில் பிழைக்கவே முடியாது. அதனால்தான் அவற்றிடம் பங்கீட்டுப் புரதங்களும், தன்னை இழந்த மகள் செல்லைக் கொல்லும் நஞ்சு–முறிவு இணைகளும் இருக்கின்றன. நாம் ஆய்வகத்தில் மரபணுவைச் சுமக்கப் பயன்படுத்தும் வெக்டர் பிளாஸ்மிட்கள், அளவைக் குறைப்பதற்காக இவற்றையெல்லாம் கழித்துக் கட்டியவை.

இரண்டாவது நிகழ்வுதான் நஷ்டத்தை உண்டாக்குகிறது. நாஞ்சில் நாட்டு வயலில் ஒரு கோரை முளைத்ததால் விளைச்சல் போவதில்லை. அது நெல்லை முந்தி வளர விடப்பட்டால் போகிறது. பிளாஸ்மிட் உள்ள செல் 30 நிமிடத்தில் இரட்டிப்பதாகவும், இல்லாத செல் 25 நிமிடத்தில் இரட்டிப்பதாகவும் வைத்துக்கொள்வோம். 10 மணி நேரத்தில் முன்னது 20 தலைமுறையும் பின்னது 24 தலைமுறையும் கடந்திருக்கும். 4 தலைமுறை முந்தினால் 16 மடங்கு. தொடக்கத்தில் 100-க்கு ஒன்றாக இருந்த வெற்றுச் செல்கள் 10 மணி நேரத்தில் சுமார் 14 சதவீதமாகும். மருந்தில்லாத புது ஊடகத்துக்கு மாற்றி இன்னொரு 10 மணி நேரம் வளர்த்தால் சுமார் 72 சதவீதம். புதிதாக ஒரு செல் கூடப் பிளாஸ்மிடை இழக்காமலேயே வரும் கணக்கு இது. ஐந்து நிமிட வித்தியாசம்தான் காரணம்.

அந்த ஐந்து நிமிடத்தைத் தீர்மானிப்பது எது? டிஎன்ஏவின் சுமை என்று பலரும் நினைக்கிறார்கள். 5,000 கார இணைகள் கொண்ட பிளாஸ்மிட் 20 பிரதி என்றால் ஒரு லட்சம் இணைகள்; ஈ.கோலையின் குரோமோசோம் சுமார் 46 லட்சம் இணைகள் கொண்டது. கூடுதல் சுமை 2 சதவீதத்தைச் சற்றே தாண்டுகிறது. இதே நீளத்தில், பிரதிகள் மிகுந்த பியூசி வகையில் 500 பிரதிகள் இருக்கும்போதுதான் டிஎன்ஏ அளவே குரோமோசோமில் பாதிக்கு மேல் வந்துவிடுகிறது. உங்கள் பெட் பிளாஸ்மிடில் உண்மையான சுமை, அது செய்யவைக்கும் புரதம். புரதம் செய்யத் தூண்டும் ஐபிடிஜியைப் போடுவதற்கு முன்பே, பெட் பிளாஸ்மிடில் சேர்த்த மரபணுவைப் படிக்கும் டி7 பாலிமரேஸ் நொதி கொஞ்சம் கசிந்துகொண்டிருக்கும். சாதாரண ஊடகத்தில் சேரும் டிரிப்டோன் பால் புரதத்திலிருந்து செய்யப்படுவதால் அதில் சிறிது லாக்டோஸ் தங்கியிருக்கலாம். செல்கள் மற்ற உணவைத் தீர்த்து, வளர்ச்சி நிற்கும் நிறைநிலையை நெருங்கும்போது அந்த லாக்டோஸே தூண்டியாக வேலை செய்துவிடும். நீங்கள் தூங்கும் நேரத்தில் ஃபிளாஸ்கில் தூண்டல் நடக்கிறது. கைட்டினேஸ் செல்லுக்குச் சிறிதளவு தொல்லை தருவதாக இருந்தாலும், அந்த இரவில் பிளாஸ்மிட் இல்லாத செல்லுக்குப் பெரிய ஆதாயம்.

இதற்கு எளிய மருந்து குளுக்கோஸ். இனாக்குலம் (பெரிய வளர்ப்பைத் தொடங்க ஊற்றும் சிறு வளர்ப்பு) வளர்க்கும் ஊடகத்தில் 0.5 முதல் 1 சதவீதம் குளுக்கோஸ் சேர்த்தால், லாக்டோஸ் உள்ளே நுழைவது தடைபட்டு, தூண்டல் அடங்கியிருக்கும். ஆனால் குளுக்கோஸ் அதிகமானால் அசிட்டேட் சேர்ந்து அமிலத்தன்மை ஏறும். வழக்கமான எல்பி ஊடகத்துக்கு அதைத் தாங்கும் பஃபர் திறன் மிகக் குறைவு. பாஸ்பேட் பஃபர் சேர்த்துக்கொள்வது நல்லது. அமிலம் ஏறுவது செல்லுக்கு மட்டுமல்ல, ஆம்பிசிலினுக்கும் கெடுதி.

இப்போது ஆம்பிசிலினுக்கு வருகிறேன். உங்கள் சிக்கலின் மையம் இங்கேதான் என்று கருதுகிறேன். பிளாஸ்மிடின் எதிர்ப்பு மரபணு செய்யவைக்கும் பீட்டா-லாக்டமேஸ் நொதி செல்லின் இரு சவ்வுகளுக்கு இடைப்பட்ட வெளியில் இருந்து மருந்தை உடைக்கிறது. அங்கிருந்து ஊடகத்துக்கும் கசிகிறது. ஒரு செல் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும்போதே அக்கம்பக்கத்தையும் காப்பாற்றிவிடுகிறது. கண்ணால் பார்க்க வேண்டுமானால், ஆம்பிசிலின் பிளேட்டை 37 டிகிரியில் 16 மணி நேரத்துக்குப் பதிலாக இரண்டு நாள் விட்டுவிட்டுப் பாருங்கள். நடுவில் மிளகு அளவு ஒரு பெரிய காலனி, அதைச் சுற்றி வட்டமாகக் கடுகைத் தூவியது போல் சின்னஞ்சிறு காலனிகள். அந்தச் சிறியவற்றைக் குச்சியால் எடுத்துப் புது ஆம்பிசிலின் பிளேட்டில் தொட்டால் வளராது. பெரிய காலனி மருந்தைத் தின்று தீர்த்த நிலத்தில் குடியேறிய வெற்றுச் செல்கள் அவை. பிளேட்டில் வட்டமாகத் தெரிவது திரவத்தில் ஃபிளாஸ்க் முழுவதும் நடக்கிறது, கண்ணுக்குத்தான் தெரிவதில்லை. நன்றாக அடர்ந்த வளர்ப்பு ஒன்று 100 மைக்ரோகிராம் ஆம்பிசிலினைச் சில மணி நேரத்திலேயே தீர்த்துவிடும்.

இரவு முழுவதும் வளர்ந்த வளர்ப்பிலிருந்து 10 மில்லி எடுத்து 1 லிட்டரில் ஊற்றும்போது, செல்களோடு சேர்த்து இரவெல்லாம் தேங்கிய லாக்டமேஸையும் ஊற்றுகிறோம். புதிதாகப் போட்ட மருந்து அந்த நிமிடத்திலிருந்தே உடையத் தொடங்குகிறது. செல்களை மையவிலக்கியில் படியவைத்து, மேலே நிற்கும் திரவத்தைக் கொட்டிவிட்டு, புது ஊடகத்தில் கலக்கி ஊற்றினால் பாதிச் சிக்கல் தீரும். அதை விட நல்லது, இனாக்குலத்தை இரவு முழுக்க விடாமல், ஒளி அடர்த்தி (கலங்கலின் அளவு) 0.6-ஐத் தொடும்போதே எடுத்துவிடுவது. ஆம்பிசிலினுக்குப் பதில் கார்பெனிசிலின் பயன்படுத்தினால் அது சற்று மெதுவாக உடையும். என்னைக் கேட்டால், இன்னும் தொடக்கக் கட்டத்திலேயே இருப்பதால், மரபணுவைக் கனாமைசின் எதிர்ப்புள்ள பெட்-28-க்கு மாற்றிவிடுவதே சரி. கனாமைசினைச் செயலிழக்கச் செய்யும் நொதி செல்லுக்குள்ளேயே இருப்பதால் ஊடகத்திலுள்ள மருந்து பெரிதாகக் குறைவதில்லை. வெற்றுச் செல்லுக்குப் பக்கத்துச் செல்லின் புண்ணியம் கிடைக்காது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பாஸ்பேட் அதிகமுள்ள செறிவான ஊடகத்தில் ஈ.கோலை இயல்பாகவே கனாமைசினைக் கூடுதலாகத் தாங்கும். ஐபிடிஜி போடாமலே தூண்டல் நடக்கும் தானியங்கித் தூண்டல் ஊடகத்தை வடிவமைத்த ஸ்டூடியர் அதனாலேயே அங்கே மில்லிக்கு 100 மைக்ரோகிராம் வேண்டும் என்கிறார். வழக்கமான 30 மைக்ரோகிராம் அங்கே போதாது.

அடுத்தது தலைமுறைக் கணக்கு. ஒற்றைச் செல்லிலிருந்து ஒரு காலனி உருவாகச் சுமார் 25 தலைமுறை. அதே ஒற்றைச் செல்லின் வம்சம் 1 லிட்டரை, மில்லிக்கு 200 கோடி என்ற அடர்த்தியில், நிரப்ப மொத்தம் சுமார் 41 தலைமுறை. காலனியிலிருந்து நேராக 1 லிட்டருக்குப் போனால் இழப்புக்குக் கிடைக்கும் வாய்ப்பு அவ்வளவுதான். நீங்களோ ஒரு மாதம் சாய்வு அகாரில் மாற்றி மாற்றி வைத்திருக்கிறீர்கள். ஒவ்வொரு மாற்றமும் சுமார் 10 தலைமுறை; அந்த ஒவ்வொன்றிலும் அகாரின் மேல் அடர்ந்த படலம் தன் கீழிருக்கும் மருந்தை உடைத்துவிட்டு, நாள்கணக்கில் பாதுகாப்பின்றிக் கிடந்திருக்கிறது. 1 லிட்டரில் ஊற்றுவதற்கு முன்பே பந்தயம் ஏறக்குறைய முடிந்துவிட்டது.

இங்கே நம் ஊரின் வெப்பநிலையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஐரோப்பிய, அமெரிக்கச் செய்முறைகளில் ‘அறை வெப்பநிலை’ என்று எழுதியிருந்தால் அது பெரும்பாலும் 20–25 டிகிரி. நாகர்கோவிலில் மின்விசிறி ஓடும் அறையில் பகலில் 30 டிகிரியை ஒட்டியே இருக்கும். மேசை மேல் வைத்த சாய்வு அகார் இங்கே ஓய்வெடுப்பதில்லை, தொடர்ந்து வளர்கிறது. அதே போல, குளிரூட்டும் வசதியில்லாத ஷேக்கரால் அறை வெப்பநிலைக்குக் கீழே போகவே முடியாது. மோட்டாரின் சூடும் சேருவதால் பல ஷேக்கர்கள் அறையை விட 5 டிகிரி மேலேதான் ஒழுங்காக நிற்கும். சித்திரை வெயிலில் முகப்பில் 30 என்று அமைத்துவிட்டு, உள்ளே ஒரு ஃபிளாஸ்கில் தண்ணீர் ஊற்றித் தெர்மாமீட்டரை நிறுத்திப் பார்த்தால் 34 காட்டுவதை நானே பார்த்திருக்கிறேன். வெப்பத்தால் பெருக்கம் நின்றுபோகும் பிளாஸ்மிட்களுக்கு, எடுத்துக்காட்டாக மரபணு நீக்க வேலையில் பயன்படும் பிகேடி46-க்கு, இந்த 4 டிகிரி ஆபத்தானது. அது 30 டிகிரியில் மட்டுமே நிலைக்கும். 37-க்குப் போனால் தலைமுறைக்குத் தலைமுறை கரைந்துபோகும். மாணவர் எந்தத் தவறும் செய்யாமலேயே பிளாஸ்மிட் போய்விட்டது என்று சொல்லும் இடங்களில் நான் முதலில் கேட்பது தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தீர்களா என்பதைத்தான்.

வெப்பநிலை பிரதி எண்ணிக்கையையும் மாற்றும். பியூசி வகைப் பிளாஸ்மிட்கள் 30 டிகிரியை விட 37-இலும், அதை விட 42-இலும் கூடுதல் பிரதிகள் எடுக்கின்றன. பெட் வரிசைக்கு மூலமான பிபிஆர்322 பிளாஸ்மிடைப் பொறுத்தவரை, செல் வேகமாக வளரும் செறிவான ஊடகத்தில் பிரதி எண்ணிக்கை குறைவு, மெதுவாக வளரும் எளிய ஊடகத்தில் அதிகம். எனவே ‘நல்ல ஊடகம், நல்ல வளர்ச்சி, நல்ல பிளாஸ்மிட்’ என்ற வரிசை எப்போதும் சரிவராது. புரதம் செய்யவைக்கும் கட்டத்தில் 18–25 டிகிரிக்கு இறக்குவது செல்லின் மேல் விழும் பாரத்தையும் குறைக்கும், புரதம் ஒழுங்காக மடியவும் உதவும். ஆனால் அதற்குக் குளிரூட்டும் ஷேக்கர் வேண்டும்.

காற்றோட்டத்தைப் பற்றி ஒரு சொந்த அனுபவம். மழைக்கால இரவொன்றில் எங்கள் ஆய்வகத்தில் மின்சாரம் போய், ஷேக்கர் விடியும் வரை நின்றுவிட்டது. காலையில் வந்து பார்த்தபோது செல்கள் ஃபிளாஸ்கின் அடியில் சந்தனக் குழம்பு போலப் படிந்திருந்தன. குலுக்கிப் பார்த்தால் அடர்த்தி நன்றாகவே இருந்தது. அதனால் வேலையைத் தொடர்ந்து அதையே இனாக்குலமாக ஊற்றினோம். பிறகு நொதி வராததால் எண்ணிப் பார்த்தபோது, மருந்தில்லாப் பிளேட்டில் வளர்ந்த காலனிகளில் பெரும்பகுதி ஆம்பிசிலினில் வளரவில்லை. ஆக்சிஜன் இல்லாமல் செல்கள் நொதித்தலுக்குத் திரும்பி அமிலம் சேர்ந்திருக்கிறது, லாக்டமேஸ் மருந்தைத் தீர்த்திருக்கிறது, இரண்டும் சேர்ந்து வெற்றுச் செல்லுக்கு வழிவிட்டிருக்கின்றன. அன்றிலிருந்து, நின்றுபோன ஃபிளாஸ்கை இனாக்குலமாகப் பயன்படுத்துவதில்லை என்பதை நாங்கள் விதியாகவே வைத்திருக்கிறோம். 250 மில்லி ஃபிளாஸ்கில் 50 மில்லிக்கு மேல் ஊற்ற வேண்டாம் என்று சொல்வதும் இதே காரணத்துக்காகத்தான். உங்கள் 1 லிட்டரை ஒரே ஃபிளாஸ்கில் நிரப்பியிருந்தால், நான்கைந்தாகப் பிரித்துவிடுங்கள்.

தொடர் வளர்ப்புக் கலன்களில் எந்த ஊட்டம் தட்டுப்படுகிறது என்பதும் பெரிய பங்கு வகிக்கும். நூற்றுக்கணக்கான தலைமுறைகள் ஓடுவதால் சிறிய வித்தியாசமும் அங்கே பூதாகரமாகும். உங்கள் வேலை தொகுதி வளர்ப்பு என்பதால் அதற்குள் இப்போது போகவில்லை.

செல் வகையைப் பற்றி அவசியம் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. பிஎல்21(டிஇ3)-இல் ரெக்ஏ மரபணு வேலை செய்கிறது. ஒரே மாதிரியான பிளாஸ்மிட்கள் ஒன்றோடொன்று மறுசேர்க்கை அடைந்து இரட்டையாகவும் நான்கு கோத்ததாகவும் மாற அது வழிசெய்யும். பெருக்கத்தைக் கட்டுப்படுத்தும் அமைப்பு, பெருக்கத் தொடக்கப் புள்ளிகளை எண்ணுகிறதே தவிர மூலக்கூறுகளை எண்ணுவதில்லை. எனவே 20 பிரதி இருந்தும், நான்கு நான்காகக் கோத்திருந்தால் பங்கிடக் கிடைப்பது 5 துண்டுகள்தான். முன்பு சொன்ன 5,24,000-க்கு ஒன்று என்பது 16-க்கு ஒன்றாகிவிடும். இயற்கையிலுள்ள கோல்ஈ1 பிளாஸ்மிட் செர் என்ற சிறு பகுதியைக் கொண்டு இந்தக் கோவைகளைப் பிரித்துவிடுகிறது என்பதை 1984-இல் சம்மர்ஸும் ஷெராட்டும் காட்டினார்கள். அதே குடும்பத்தைச் சேர்ந்த பிபிஆர்322-இலும் பியூசியிலும் அந்தப் பகுதி இல்லை. ஆகவே பிளாஸ்மிடைச் சேமித்து வைக்க ரெக்ஏ செயலிழந்த டிஎச்5ஆல்ஃபா என்ற ஈ.கோலை வகை. புரதம் செய்ய மட்டும் பிஎல்21. சேமிப்பையும் உற்பத்தியையும் ஒரே செல்லில் நடத்துவது பலரும் செய்யும் பிழை.

இதுவரை சொன்னது பிளாஸ்மிட் மொத்தமாகப் போவது. பிளாஸ்மிட் இருந்தும் உள்ளிருக்கும் மரபணு சிதைந்துபோவது வேறு வகை. மரபணுவில் ஒரு துண்டு விடுபடலாம், தாவும் டிஎன்ஏ ஒன்று வந்து புரோமோட்டரில் (மரபணுவைப் படிக்கத் தொடங்கும் இடம்) உட்கார்ந்துகொள்ளலாம். எதிர்ப்பு மரபணு நன்றாக இருப்பதால் எந்த மருந்தும் அத்தகைய செல்லைத் தடுக்காது. கனாமைசினுக்கு மாறினாலும் இது தீராது; செல்லின் பாரத்தைக் குறைப்பதே வழி.

உங்கள் ஃபிளாஸ்கில் நடந்தது எது என்பதை ஊகிக்க வேண்டியதில்லை, நான்கு பிளேட்டில் தெரிந்துவிடும். ஐபிடிஜி போடுவதற்குச் சற்று முன் மாதிரி எடுத்து, தக்கபடி நீர்த்து, ஒன்றும் சேர்க்காத பிளேட், மருந்து மட்டும், ஐபிடிஜி மட்டும், இரண்டும் சேர்ந்தது என நான்கிலும் பரப்புங்கள். முதல் பிளேட்டில் உயிருள்ள எல்லாச் செல்லும் வளரும். மருந்துப் பிளேட்டில் பிளாஸ்மிட் உள்ளவை வளரும். ஐபிடிஜி மட்டும் உள்ளதில், புரதம் செய்யும் பாரத்தால் நல்ல செல்கள் காலனி அமைக்காது. பிளாஸ்மிடை இழந்தவையும் சிதைந்தவையும் வளரும். இரண்டும் உள்ளதில் சிதைந்தவை மட்டுமே. நல்ல வளர்ப்பில் முதல் இரண்டும் ஏறக்குறைய சமம், மூன்றாவதில் 2 சதவீதத்துக்குக் கீழ், நான்காவதில் 0.01 சதவீதத்துக்கும் கீழ் இருக்க வேண்டும். உங்களுடையதில் இரண்டாவது வெகுவாகக் குறைந்தும் மூன்றாவது உயர்ந்தும் இருக்கும் என்று எதிர்பார்க்கிறேன். இரண்டாவது நன்றாக இருந்து நான்காவது உயர்ந்திருந்தால், பிளாஸ்மிடைப் பிரித்தெடுத்து நொதியால் வெட்டி, துண்டுகளின் நீளத்தைப் பாருங்கள்.

வாராந்தரச் சோதனைக்கு இவ்வளவும் தேவையில்லை. மருந்தில்லாப் பிளேட்டில் வளர்ந்த 100 காலனிகளைக் கட்டம் போட்ட தாளின் மேல் வைத்த மருந்துப் பிளேட்டில், ஆட்டோகிளேவ் செய்த பற்குச்சியால் ஒவ்வொன்றாகத் தொட்டு வைத்தால் போதும். 100-உம் வளர்ந்தாலும் இழப்பு பூஜ்யம் என்று எழுதிவிடாதீர்கள். 3 சதவீதம் வரை இழப்பு இருந்தும் 100-இல் ஒன்று கூடக் கண்ணில் படாமல் போக இடமுண்டு.

சாய்வு அகாரை இன்றோடு விட்டுவிடுங்கள். டிஎச்5ஆல்ஃபாவில் இருக்கும் பிளாஸ்மிடைக் கிளிசரால் கலந்து −80 டிகிரியில் பல சிறு குழாய்களாக வையுங்கள்; ஒரே குழாயைத் திரும்பத் திரும்ப உருக்க வேண்டாம். கூடவே, பிரித்தெடுத்த பிளாஸ்மிட் டிஎன்ஏவை டிஇ பஃபரில் கொஞ்சமும், வடிதாளில் சொட்டு விட்டு உலர்த்திக் கொஞ்சமும் வைத்திருங்கள். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் இந்த மாவட்டத்தைத் தாக்கி மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தபோது, பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் வரவில்லை. எங்கள் ஃப்ரீசரில் இருந்த கிளிசரால் குழாய்கள் உருகிக் கெட்டன. மேசை இழுப்பறையில் கவருக்குள் கிடந்த வடிதாளைச் சிறு வட்டமாக வெட்டி, பஃபரில் ஊறவைத்து, அந்த டிஎன்ஏவைப் புதுச் செல்களில் ஏற்றியபோது மறுநாள் காலை பிளேட்டில் காலனிகள் இருந்தன.